ஈரக்கையும் பூஜையறை விளக்கும்

விடியற்காலையில் நீராடி, ஈர வேட்டியுடன் வெறுங்காலில் பூஜையறைக்குள் நுழைந்து சுவிட்சைத் தட்டுவது பல இல்லங்களில் அன்றாட வழக்கம். மடி ஆசாரத்துக்கு அது பொருந்தலாம், மின்சாரத்துக்குப் பொருந்தாது. உலர்ந்த தோல் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலில் அந்தத் தடை வெகுவாகக் குறைந்துவிடும்.

“எங்கள் வீட்டில்தான் எம்.சி.பி. இருக்கிறதே!” என்று பெரியவர்கள் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரமில்லை. பியூஸும் எம்.சி.பி.யும் காப்பது கம்பியை, மனிதரை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி., அந்த அளவை மீறினால்தான் இணைப்பைத் துண்டிக்கும். ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லி ஆம்பியர், நெஞ்சின் வழியே பாய்ந்தாலே உயிர் போகக்கூடும்.

மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. எனும் மின்கசிவுத் தடுப்பான். அதன் வேலை பேரேட்டைச் சரிபார்ப்பது போன்றது. வீட்டுக்குள் சென்ற மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் நேராக வேண்டும். பழுதான கிரைண்டரைத் தொட்டவரின் உடல் வழியே சிறிது தரைக்குப் போனால் கணக்கு உதைக்கும்; கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பு அறுந்துவிடும். ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர் என்று குறித்த கருவியே வேண்டும். 100, 300 என்று குறித்தவை தீ விபத்தைத் தவிர்க்கத்தான் உதவும். எனினும், பேஸ், நியூட்ரல் இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டவரை எந்தத் தடுப்பானும் அடையாளம் காணாது.

மழைக்காலத்தில் அது அடிக்கடி விழுகிறதென்று சலித்து, எலக்ட்ரீஷியனை அழைத்துக் கழற்றிவிடுவோரும் உண்டு. திருடனைக் கண்டு குரைத்த நாயை விரட்டுவது போன்ற செயல் இது! கீசரிலோ, நனைந்த வாசல் விளக்கிலோ எங்கோ கசிவு இருக்கிறது என்பதே அதற்குப் பெரும்பாலும் பொருள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் பல வேளைகளில் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

நவராத்திரிக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. பரணிலிருந்து இறக்கிய சீரியல் விளக்கின் ஒயரை எலி கடித்திருக்கலாம். அதை இரும்புக் கொலுப்படியில் சுற்றினால் படி முழுவதுமே மின்சாரம் ஏறும். ஒட்டுப்போட்ட ஒயரைப் படியில் கட்டாமலிருப்பதே நல்லது.

தடுப்பானில் ‘டி’ என்று குறித்த சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் இணைப்பு உடனே துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் கருவியை மாற்ற வேண்டும். மாதம் ஒரு முறை இச்சோதனை செய்வது வழக்கம். தேதி நினைவில் நில்லாதவர்கள் அமாவாசைதோறும் அழுத்திப் பார்க்கலாம்.