புகை வேறு, நிகோட்டின் வேறு

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 800 அடி உயர்ந்து நிற்பது. வெயில் கடுக்குமுன் அதன் படிகளில் ஏறத் தொடங்கும் கூட்டத்தில், வயது நாற்பதைத் தாண்டாதவராயினும், பாதி வழியிலேயே மதிலில் கையூன்றி மூச்சு வாங்கும் புகைபிடிப்பவர் சிலரைக் காண்பது அரிதன்று. பீடிப் புகையிலும் சிகரெட்டுப் புகையிலும் உள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிவோடு இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு, பிராணவாயுவுக்கு உரிய இடத்தைத் தானே அபகரித்துக்கொள்கிறது. புகைப்பதை நிறுத்திய ஓரிரு தினங்களில் அது தேகத்தை விட்டு நீங்கிவிடும். ஆனால் அந்த ஓரிரு தினங்களைக் கடப்பதுதான் பலருக்கு இயலாமற் போகிறது.

அவ்வாறு தவிப்பவரிடம், லண்டனில் வேலை பார்க்கும் மருமகன், “மாமா, பீடிய விட்டுட்டு வேப்புக்கு மாறிடுங்க, இங்க டாக்டருங்களே அதத்தான் சொல்றாங்க” என்று யோசனை கூறுவதும், புதிதாகத் தொடங்குபவருக்கு அபாயமில்லாத கருவி எது என்று அந்த மாமா விசாரிக்கத் தலைப்படுவதும் இக்காலத்தில் இயல்பாகிவிட்டன.

அபாயமில்லாத கருவியைத் தேடும் இந்த ஆசை மிகப் பழையது. செஞ்சியை 1649ஆம் ஆண்டில் கைப்பற்றிய பிஜப்பூர் சுல்தான்களின் தலைநகரிலிருந்துதான், அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னர், அசத் பேக் என்பவர் புகையிலையையும் இரத்தினமிழைத்த குழாயையும் அக்பரின் சபைக்குக் கொண்டு சென்றார். நீரினூடே செலுத்தினால் புகையின் தீமை கழிந்துபோகும் என்ற நம்பிக்கையை ஹூக்கா வளர்த்தது. நீர் புகையைக் குளிரச் செய்ததேயன்றி அதன் விஷத்தைப் போக்கவில்லை. 1950களில் அமெரிக்காவில் ‘கென்ட்’ என்ற சிகரெட்டு, ஆரோக்கியத்துக்கு உகந்ததென்று பெருமிதத்தோடு விளம்பரம் செய்யப்பட்ட ஒரு வடிகட்டியுடன் வந்தது. அந்த வடிகட்டியில் இருந்ததோ, நுரையீரலில் புற்றுநோயை விளைவிக்கும் கல்நார்.

வேப்பு எனப்படும் மின்சிகரெட்டு இவ்விரண்டிலும் வேறுபட்டது என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். 2003ஆம் ஆண்டில் சீன மருந்தியலாளர் ஹான் லிக் உருவாக்கிய இச்சாதனத்தில் புகையிலை எரிவதில்லை. மின்கலத்தால் சூடேறும் கம்பிச் சுருள், நிகோட்டின் கலந்த கிளிசரின் போன்ற திரவத்தை ஆவியாக்குகிறது. எரிதல் இல்லாமையால் தாரும் கார்பன் மோனாக்சைடும் மிகக் குறைவு. இங்கிலாந்தில் 886 பேரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட பரிசோதனையில், மின்சிகரெட்டைப் பெற்றவருள் 100க்கு 18 பேரும், சூயிங்கம், ஒட்டுப்பட்டை முதலிய நிகோட்டின் மருந்துகளைப் பெற்றவருள் ஏறக்குறைய 10 பேரும் ஓராண்டு கழிந்தும் புகைக்காதிருந்தனர். ஆயினும் அவ்வெற்றி பெற்றவர்களுள், முதல் வகையாரில் 80 சதவீதத்தினர் அப்போதும் மின்சிகரெட்டை விடாதிருந்தனர். இரண்டாம் வகையாரில் மருந்தை விடாதிருந்தவர் 9 சதவீதத்தினரே.

அந்நாட்டில் திரவத்தின் அளவையும் கலவையையும் சட்டம் மேற்பார்க்கிறது. இங்கோ, தமிழ்நாடு அரசு 2018இலும் மத்திய அரசு 2019இலும் மின்சிகரெட்டுக்கே தடை விதித்துவிட்டமையால், விற்பவருக்கு முதற்குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சேமித்து வைத்தலும் குற்றம். ஆகவே மறைவாகக் கைமாறும் கருவியினுள் இருப்பது யாதென்று சொல்லப் பொறுப்பாளி எவருமில்லை. அமெரிக்காவில் 2019இல் பரவி, 2020 பிப்ரவரிக்குள் 68 பேரைப் பலிகொண்ட நுரையீரல் நோய், பெரும்பாலும் கள்ளச் சந்தைக் கஞ்சாத் திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்டோடு தொடர்புடையதென்று கண்டறியப்பட்டது.

மின்சிகரெட்டுக்கு மாற்றுவழியும் உண்டு. மனிதர் புகைப்பது நிகோட்டினுக்காக, மாள்வது தாரினால் என்ற கருத்தை மைக்கேல் ரஸல் என்ற ஆங்கில மனநல மருத்துவர் 1976இல் வெளியிட்டார். புகையிலிருந்து நிகோட்டினைப் பிரித்தெடுக்கும் முயற்சியோ அதற்கு முன்பே ஸ்வீடனில் தொடங்கியிருந்தது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்கவியலாத மாலுமிகள் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு சமாளிப்பதைக் கேள்வியுற்ற ஓவ் பெர்னோ என்ற இரசாயன விஞ்ஞானியின் உழைப்பால் உண்டான நிகோட்டின் சூயிங்கம், 1978இல் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. அதன் 2 மில்லிகிராம் வகை நம்மூர் மருந்துக்கடைகளில் மருத்துவர் சீட்டின்றியே கிடைப்பது.

கிடைத்தும் பலருக்குப் பயன்படாமற் போவதன் காரணம் மெல்லும் முறையில் இருக்கிறது. சாதாரண சூயிங்கத்தைப் போல விடாது மென்றால், நிகோட்டின் எச்சிலோடு வயிற்றில் இறங்கி, விக்கலையும் குமட்டலையும் தந்து, கல்லீரலில் பெரும்பகுதி சிதைந்துபோகிறது. காரமும் குறுகுறுப்பும் நாவில் தட்டும்வரை மெதுவாக மென்று, உடனே ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒதுக்கி வைத்து, அந்த உணர்ச்சி அடங்கியபின் மறுபடி மென்று, இவ்விதம் அரைமணி நேரம் செய்வதே முறை. கன்னத்தின் உட்தோல் வழியே நிகோட்டின் உட்புக வாயில் காரத்தன்மை வேண்டும். காப்பி, பழரசம், சோடா போன்றவை அதைக் கெடுத்துவிடுமாதலால், மெல்வதற்குக் கால்மணி முன்னும், மெல்லும்போதும் அவற்றைத் தவிர்க்க வேண்டும். பஸ் நிலையத்து டீக்கடையில், ஒரு கையில் காப்பித் தம்ளரும் வாயில் சூயிங்கமுமாக நின்றுகொண்டு, ‘இதுல ஒண்ணும் கேக்கல’ என்று மறுபடி பீடி பற்றவைப்பவருடைய தோல்வி, பெரும்பாலும் அந்தத் தம்ளரிலேயே அடங்கியிருக்கிறது.

புகைத்த பத்து, இருபது விநாடிகளுக்குள் மூளையை எட்டிவிடும் நிகோட்டினின் வேகத்தைச் சூயிங்கம் ஒருபோதும் தராது. வேட்கையின் கூர்மையை மழுக்குவதே அதன் தொழில். விழித்தெழுந்த அரைமணிக்குள் முதல் பீடியைத் தேடுபவருக்கு அதிக அளவு தேவைப்படலாம். அத்தகையவரும், கர்ப்பிணிகளும், அண்மையில் மாரடைப்பு கண்டவரும் மருத்துவரைக் கலந்தே தொடங்க வேண்டும். புகையிலைப் பொட்டலங்களில் அச்சிடப்பட்டிருக்கும் 1800112356 என்ற இலவசத் தொலைபேசி எண், புகையை விடுவதற்கு ஆலோசனை கூறுவதற்கென்றே உள்ளது.

ஒருமுறை விட்டுப் பின் மீண்டும் பற்றவைத்தவரை மனவுறுதி அற்றவரென்று வீட்டார் ஏசுவது வழக்கம். அவர் எத்தனை தினங்கள் தாக்குப்பிடித்தார், எதை எவ்வாறு மென்றார், எந்த வேளையில் தோற்றார் என்று கேட்டறிந்து, அடுத்த பிரயத்தனத்தை அந்த வேளைக்கேற்ப அமைத்துக் கொடுப்பதே அவ்வேச்சைவிடப் பன்மடங்கு உபகாரமாகும்.