காற்று போனால் விசிறி சுற்றும்!

பெரிய டீசல் லாரியில் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறி லேசுப்பட்டதல்ல. முழு வேகத்தில் சுற்ற 40 குதிரைத் திறன் வரை விழுங்கிவிடும். மாருதி 800 கார் கிட்டத்தட்ட அவ்வளவு சக்தியில்தான் ஊரையே சுற்றியது!

லாரி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். அப்போது விசிறி சுற்றுவது தண்டச் செலவு. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அமெரிக்க லாரி முதலாளிகள் கணக்குப் பார்த்தார்கள். தேவைப்படும்போது மட்டும் விசிறியைச் சுற்ற வைக்கும் ‘ஃபேன் கிளட்ச்’சுக்கு மவுசு கூடியது.

காற்றும் ஸ்பிரிங்கும்

ஏர் பிரேக்குக்காக லாரியில் காற்று டாங்கி இருக்கிறது. அந்தக் காற்றுதான் இதற்கும். கிளட்சுக்குள் பலமான ஸ்பிரிங் ஒன்று லைனிங்கை அழுத்திப் பிடித்திருக்கும். காற்று உள்ளே போனால் பிஸ்டன் நகர்ந்து ஸ்பிரிங்கை அமுக்கும். பிடி விட்டுவிடும். விசிறி சும்மா மெல்லச் சுழலும்.

எஞ்சின் தண்ணீர் அதிகம் சூடானால், மின்சார வால்வு காற்றை வெளியேற்றும். ‘உஸ்’ஸென்று ஒரு சத்தம். ஸ்பிரிங் பிடிக்கும், விசிறி வேகமெடுக்கும்.

காற்று கொடுத்தால் பிடிக்கும் ரகமும் உண்டு. ஆனால் இந்த ரகத்தில் ஒரு சௌகரியம். நடுவழியில் காற்றுக் குழாய் அறுந்தாலும் விசிறி நிற்காது. டீசல் கொஞ்சம் கூடச் செலவாகும், எஞ்சின் தப்பிக்கும்.

லைனிங் மட்டும் போதுமா?

“லைனிங் தேஞ்சு போச்சு, மாத்திட்டா சரியாயிடும்” என்று நினைத்தால் தப்பு. அது ஏன் தேய்ந்தது என்று பார்க்க வேண்டும்.

காற்று கசிந்தால் அழுத்தம் குறையும். கிளட்ச் முழுசாகப் பிடிக்காது. முழுசாக விடவும் செய்யாது. உரசி உரசி லைனிங் கருகிவிடும். கசிவை விட்டுவிட்டு லைனிங்கை மட்டும் மாற்றினால், புதுசும் அதே கதிதான்.

ஆகவே காற்றை ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். லைனிங்கோடு சீல், ஓ-ரிங், பேரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. ஸ்பிரிங் இருக்கும் அறையைத் தட்டித் திறக்கவே கூடாது. அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் பாய்ந்தால் ஆளையே சாய்த்துவிடும்!

மாட்டி முடித்ததும், எஞ்சினை ஓட்டாமலே சோதிக்கலாம். காற்று ஏற்றினால், கையால் தள்ளியதும் விசிறி லேசாகச் சுற்ற வேண்டும். காற்றை விட்டால் கெட்டியாகப் பிடிக்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் பக்கத்தில் கையைக் கொண்டு போயிடாதீங்க. சும்மா கிடக்கிற விசிறி, சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பித்துவிடும்!