மேசைக் கணினிக்குள் ஓர் இடைச்சுற்று

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போகிறவர்களுக்குக் கல்பாக்கம் என்றால் தூரத்தில் தெரியும் கட்டடங்களும் ஒரு பேருந்து நிறுத்தமும்தான். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அது நியாயமும்கூட. ஆனால் அணு உலைக்குள் நியூட்ரான் எப்படி அலைகிறது என்று தெரிந்துகொள்ள இன்று உலைக்குப் பக்கத்தில் போகவேண்டியதில்லை. புதுப்பட்டினத்தில் ஒரு மாடி அறையும், எட்டு ஜிபி ராம் உள்ள லேப்டாப்பும் போதும்.

ஓப்பன்எம்சி என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நியூட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிறக்கவிட்டு, எங்கே மோதும், சிதறுமா, உறிஞ்சப்படுமா, இன்னொரு அணுவைப் பிளக்குமா என்று தற்செயல் எண்களைக் கொண்டு தீர்மானித்து, லட்சக்கணக்கான பயணங்களைத் தொகுத்து விடை சொல்லும். மான்டி கார்லோ முறை என்பது இதைத்தான். பழகுவதற்கு வசதியான முதல் கணக்கு கோடைவா: 1950களில் லாஸ் அலமோஸில் சோதித்த, செறிவூட்டிய யுரேனியத்தாலான வெற்று உருண்டை. ஆரம் சுமார் 8.74 செ.மீ. கணக்கு ஒழுங்காக ஓடினால் நியூட்ரான் பெருக்கக் காரணி 1-ஐ ஒட்டி, அதாவது தொடர்வினை கூடாமலும் குறையாமலும் இருக்கும் நிலையை ஒட்டி, வந்து நிற்கும். சுற்றிலும் நீரோ கிராஃபைட்டோ இல்லாததால் இங்கே நியூட்ரான்கள் வேகம் தணியாமலே வேலை செய்கின்றன. அந்த வகையில் கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையத்தின் கனநீர் உலைகளைவிட, பக்கத்து வளாகத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலில் தொடர்வினைக்குக் கொண்டுவந்த சோதனை வேக ஈனுலைக்குத்தான் கோடைவா நெருக்கம்.

சிக்கல் இயற்பியலில் இல்லை. மென்பொருள் வளர்ந்தது லினக்ஸில், லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ். அதற்குத்தான் ஓப்பன்எம்சி குழுவே, மென்பொருளையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒன்றாகப் பொதிந்த ஒரு கன்டெய்னர் இமேஜைத் தயாராக வைத்திருக்கிறது. நூலகங்களைத் தேடி அலைய வேண்டாம், பதிப்புச் சண்டை வேண்டாம். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரைப் போடு, இமேஜை இறக்கு, ஓட்டு என்கிறார்கள். இந்த மூன்று கட்டளைகளுக்கு நடுவே ஒரு முழு இயங்குதளம் ஒளிந்திருப்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

கன்டெய்னர் என்பது தனிக் கணினி அல்ல. அது சாதாரண லினக்ஸ் புரோகிராம்தான்; சுற்றிலும் தடுப்பு போட்டிருக்கிறார்கள், அவ்வளவே. அந்தப் புரோகிராமின் கண்ணுக்கு எது தெரியலாம் என்பதை நேம்ஸ்பேஸ் என்ற வசதி தீர்மானிக்கிறது. எவ்வளவு ராம், எவ்வளவு சிபியு என்பதை சிகுரூப்ஸ் அளந்து கொடுக்கிறது. கூகுள் பொறியாளர்கள் எழுதிய இந்த சிகுரூப்ஸ் 2008 ஜனவரியில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேர்ந்தது. இப்படிச் சிதறிக் கிடந்த வசதிகளையெல்லாம் ஒன்றாகக் கட்டி, எல்லோருக்கும் எளிதாக்கி 2013-இல் வந்தது டாக்கர். இரண்டு வசதிகளும் லினக்ஸ் கெர்னலின் உறுப்புகள். ஆகவே விண்டோஸிலோ மேக்கிலோ லினக்ஸ் கன்டெய்னர் ஓடுகிறது என்றால், எங்கோ ஒரு லினக்ஸ் கெர்னல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது ஓடும் இடம்தான் மெய்நிகர் இயந்திரம், பேச்சுவழக்கில் வி.எம்.

இதை விளக்கக் கல்பாக்கத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. வேக ஈனுலையில் எரிபொருளின் வெப்பத்தை எடுத்துச் செல்வது திரவ சோடியம். உலைக்குள் சுற்றும் சோடியத்தில் கதிரியக்கம் ஏறும். நீராவி உண்டாக்கவோ தண்ணீர் வேண்டும். சோடியமும் தண்ணீரும் கலந்தால் என்ன ஆகும் என்று பிளஸ் டூ வேதியியல் படித்தவருக்குத் தெரியும். அதனால் இரண்டுக்கும் இடையே கதிரியக்கமில்லாத சோடியம் ஓடும் இன்னொரு சுற்றை வைத்திருக்கிறார்கள். வெப்பம் கடக்கும், ஆபத்து கடக்காது. கொஞ்சம் வெப்பநிலை வீணாகும், குழாய்களும் பம்புகளும் கூடும். தெரிந்தே கொடுக்கும் விலை அது. கன்டெய்னருக்கும் விண்டோஸுக்கும் நடுவில் இருக்கும் வி.எம். செய்வதும் இந்த வேலைதான். விலை எந்த இடத்தில் போகிறது என்று தெரிந்தவருக்கு லேப்டாப் ஒழுங்காக ஓடும். தெரியாதவர் டாக்கரைத் திட்டிக்கொண்டிருப்பார்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு லினக்ஸ் புதிதில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய தளம் அது. ஆனால் கணினியைத் திறக்கும்போதே இதுவா அதுவா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலோர் விண்டோஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுவது அன்றைய லேப்டாப்புக்குத் தாங்கியிருக்காது.

டாக்கரின் ஆரம்ப நாட்களில் விண்டோஸ்காரர்கள் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற வி.எம். மென்பொருளுக்குள் பூட்டூடாக்கர் என்ற குட்டி லினக்ஸை ஓட்டினார்கள். 2016-இல் டாக்கரே தன் டெஸ்க்டாப் பதிப்பில் வி.எம்.மை உள்ளே மறைத்துவைத்தது. மைக்ரோசாஃப்ட் 2019-இல், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். 2-ஐ அறிவித்து, அடுத்த ஆண்டு விண்டோஸ் 10-இலேயே சேர்த்தது. உண்மையான லினக்ஸ் கெர்னல், ஒன்றிரண்டு நொடிகளில் எழுந்துவிடும். மேக்கில் அகிஹிரோ சூடா 2021-இல் தொடங்கிய லிமாவும், அதன்மேல் கட்டிய கோலிமாவும் அதே வேலையைச் செய்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று டாக்கர் டெஸ்க்டாப்புக்குப் பெரிய நிறுவனங்கள் பணம் கட்டவேண்டும் என்று அறிவிப்பு வந்ததும் இந்த மாற்றுகளுக்கு மவுசு கூடியது. மாணவருக்கும் தனிநபருக்கும் டாக்கர் டெஸ்க்டாப் இன்னும் இலவசம்தான். இருந்தாலும் என்னைக் கேட்டால், டபிள்யூ.எஸ்.எல்.-இல் உபுண்டுவைப் போட்டு, அதற்குள் டாக்கர் எஞ்சினை நேரடியாக நிறுவுவதே மேல். ஓர் அடுக்கு குறையும், என்ன நடக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

இந்த வி.எம்.கள் இலகுவாக இருப்பதற்குக் காரணம், தேவையற்றதைக் கழித்ததுதான். பழைய சாதனங்களைப் போலிசெய்வதில்லை, கெர்னலிலும் தேவைப்படும் பகுதிகள் மட்டும். ஓட்டும் புரோகிராமின் கட்டளைகளைச் சிபியுவே நேரடியாக நிறைவேற்றுகிறது. இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் இதற்கென்றே வசதி உண்டு. சில கணினிகளில் அது பயாஸில் அணைக்கப்பட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். இந்த வசதியால் கோடைவா போன்ற சுத்தக் கணக்கு வேலையில் வி.எம். தின்னும் வேகம் மிகக் குறைவு. மான்டி கார்லோவில் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு நியூட்ரான்கள் வேண்டும் என்பதால், சிபியு கோர்களைத் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள்.

வேகம் வீணாவது கோப்புகளில். சி டிரைவில் இருக்கும் ஃபோல்டரை லினக்ஸ் பக்கத்திலிருந்து திறந்தால், ஒவ்வொரு கோப்பும் இரண்டு இயங்குதளங்களுக்கு நடுவே உள்ள எல்லையைக் கடந்து வரவேண்டும். சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் பொறுமை போய்விடும். ஓப்பன்எம்சிக்கு வேண்டிய அணுக்கருத் தரவுக் கோப்புகள் உட்பட எல்லாவற்றையும் லினக்ஸின் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வையுங்கள். டபிள்யூ.எஸ்.எல். மெதுவாக ஓடுகிறது என்று கேட்கும் புலம்பலில் பெரும்பங்கு இத்தோடு தீரும்.

அடுத்தது ராம். கேட்காமல் விட்டால் டபிள்யூ.எஸ்.எல். மொத்த நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் விஎம்மெம் என்ற பெயரில் அது தெரியும். வைரஸ் என்று பயந்தவர்களும் உண்டு. பயனர் ஃபோல்டரில் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பை உருவாக்கி வரம்பு போடலாம். எட்டு ஜிபி கணினியில் மூன்று கொடுத்தால் பிரவுசரும் பிழைக்கும். டிஸ்க் விஷயம் இன்னும் பிடிவாதமானது. வி.எம்.மின் வட்டு ஒரே கோப்பாக விண்டோஸில் உட்கார்ந்திருக்கும். உள்ளே இமேஜ்களை அழித்தாலும் வெளியே அந்தக் கோப்பு தானாகச் சுருங்காது, நாமேதான் சுருக்கவேண்டும்.

இனி பாதுகாப்பு. கன்டெய்னர்கள் எல்லாம் ஒரே கெர்னலைப் பகிர்வதால் அவற்றின் தடுப்பு அத்தனை கெட்டியானதல்ல. வி.எம். இன்னொரு சுவரைச் சேர்க்கிறது என்பது உண்மை. ஆனால் டபிள்யூ.எஸ்.எல். வசதிக்காக உங்கள் சி டிரைவைத் தானே லினக்ஸுக்குத் திறந்துவைக்கிறது. சுவர் இருக்கிறது, கதவும் திறந்தே இருக்கிறது. ஊர் பேர் தெரியாத இமேஜை ஓட்டுவதற்கு முன் இது நினைவில் இருக்கட்டும். 2025 ஜூனில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய கருவி, ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனித்தனியாக ஒரு குட்டி வி.எம். கொடுத்து இன்னும் கண்டிப்பான வழியில் போகிறது.

இணையம் எட்டாத கணினியிலும் இதெல்லாம் நடக்கும். இமேஜைச் சேவ் கட்டளையால் ஒரே கோப்பாக்கி, பென்டிரைவில் கொண்டுபோய், அங்கே லோடு செய்தால் போதும். இரண்டு பக்கமும் ஒரே வகைச் சிப்பாக இருக்கிறதா என்று மட்டும் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிளின் எம் வரிசை மேக்கில் இறக்கிய ஆர்ம் இமேஜ், இன்டெல் சிப் உள்ள ஆய்வகக் கணினியில் எழுந்திருக்காது.