காணாத நிலத்தைப் பேசுதல்

நுழையும்முன்

உலகின் ஒரு பகுதியைப் பற்றி வகுப்பில் பத்து நிமிடம் உரையாற்றும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கிறது. நீங்கள் பேசப்போகும் மக்கள் அந்த அவையில் இல்லை. நீங்கள் தவறாகக் கூறினாலும் மறுத்துரைக்க அவர்களால் இயலாது. ஆகவே, இத்தகைய உரைக்குப் பேச்சுத்திறனோடு நேர்மையும் வேண்டும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவ்வுரையை உருவாக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

எல்லையும் வினாவும்

‘தென் அமெரிக்கா’ என்பது பத்து நிமிடத்தில் அடங்கும் பொருளன்று. ஆண்டிஸ் மலைத்தொடர் மட்டுமே வெனிசுலா முதல் சிலி, அர்ஜென்டினா வரை ஏழு நாடுகளில் ஏறத்தாழ 7000 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதிலும் பெரு, பொலிவியா நாடுகளில் பரவியுள்ள ‘அல்டிபிளானோ’ என்னும் உயர்சமவெளியை மட்டும் தேர்ந்துகொள்வோம். எல்லை சுருங்கினால் பார்வை கூர்மை பெறும்.

அடுத்து வேண்டுவது ஒரு வினா. ‘அல்டிபிளானோ பற்றிச் சில செய்திகள்’ எனத் தொடங்கும் உரை, செய்திகளின் குவியலாகவே முடியும். ‘இரவில் நீர் உறையும் உயர்நிலத்தில் மக்கள் எவ்வாறு உணவைச் சேமித்து வாழ்ந்தனர்?’ என்று கேட்டுவிட்டால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அவ்வினாவே முடிவு செய்யும்.

முதல், கரு, உரி

திரட்டிய செய்திகளை எவ்வாறு வகைப்படுத்துவது? தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் பகுப்பு இதற்கும் துணைபுரியும்.

முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும். நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2637 மீட்டர் உயரமுடையது. பெரு, பொலிவியா எல்லையிலுள்ள டிட்டிகாகா ஏரியின் நீர்ப்பரப்போ ஏறத்தாழ 3810 மீட்டர் உயரத்தில் உள்ளது. கேட்போர் அறிந்த அளவோடு ஒப்பிடும்போதுதான் எண் பொருள் பெறுகிறது. தென் அரைக்கோளத்தில் இருப்பதால் அங்கு ஜூன், ஜூலை மாதங்கள் குளிர்காலம். பகலில் கடும் வெயில், இரவில் உறைபனி.

கருப்பொருள் அந்நிலத்தில் தோன்றி வாழ்வன. லாமா சுமை சுமக்கிறது. அல்பாகா கம்பளி தருகிறது. நம் சமையலறையில் இடம்பெற்றுள்ள உருளைக்கிழங்கு இம்மலைநிலத்தில்தான் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்டது. கிழங்கு நெடுநாள் கெடாதிருக்க மக்கள் ஒரு வழி கண்டனர். அதனை இரவுப் பனியில் பரப்பி உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் உலர்த்தினர். இவ்வாறு பல நாள் செய்து பெறும் ‘சுன்யோ’ ஆண்டுக்கணக்கில் கெடாது. பயிருக்குப் பகையான பனியே உணவுக்குக் காவலாயிற்று. நாம் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது.

உரிப்பொருள் மக்களின் ஒழுக்கமும் உணர்வும். பெருவில் அபுரிமாக் ஆற்றின் மீது ‘கெஸ்வசாக்கா’ என்னும் புற்கயிற்றுப் பாலம் உள்ளது. அதனைச் சுற்றி வாழும் நான்கு ஊர்ச் சமூகத்தினர் ஆண்டுதோறும் ஒன்றுகூடிப் புல்லைக் கயிறாகத் திரித்துப் புதுப்பாலம் அமைக்கின்றனர். அருகில் இக்காலப் பாலம் இருந்தும் இவ்வழக்கம் நிற்கவில்லை. யுனெஸ்கோ 2013ஆம் ஆண்டில் இதனை மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்றது. பாலம் ஆற்றின் இரு கரைகளை மட்டுமன்றி ஊர்களையும் இணைக்கிறது.

வரைபடமும் பொய் சொல்லும்

வகுப்பறையில் நாம் காணும் உலகப்படங்கள் பல, 1569இல் மெர்காட்டர் வகுத்த முறையில் அமைந்தவை. கடலோடிகள் திசை அறிய அவை உதவின. ஆயின் துருவங்களை நெருங்கும் நிலங்களைப் பெரிதாக்கிக் காட்டின. அப்படத்தில் கிரீன்லாந்து தென் அமெரிக்காவுக்கு இணையாகத் தோன்றும். உண்மையில் தென் அமெரிக்கா அதனைப்போல் எட்டு மடங்கு பெரியது. எனவே, படம், எண், ஒளிப்படம் எதுவாயினும் யார், எப்போது, எதற்காக உருவாக்கியது எனக் கேட்டறிந்த பின்னரே பயன்படுத்துக. ஒரு தரவை இரு வேறு நூல்களிலேனும் ஒப்பிட்டுப் பார்க்க.

அடைமொழிக்கு முன் காரணம்

‘ஏழை நாடு’, ‘பின்தங்கிய மக்கள்’ என்னும் தொடர்கள் எளிதில் நாவில் வரும். அவை முடிவை மட்டும் கூறிக் காரணத்தை மறைப்பவை. பொலிவியாவின் பொட்டோசி மலையில் 1545இல் வெள்ளி கண்டறியப்பட்டது. ஸ்பானியர் சுற்றுப்புற மக்களைக் கட்டாய வேலைக்கு அழைத்துச் சென்றனர். அம்மலையின் வெள்ளி ஸ்பெயின் பேரரசை வளப்படுத்தியது. தோண்டியவர் பலர் சுரங்கத்திலேயே மாண்டனர். இதைச் சொல்லாமல் வறுமையை மட்டும் சொன்னால், துன்புற்றவர் மீதே பழி விழும்.

இன்னொரு பிழை, மக்களைப் பழங்காலத்திலேயே நிறுத்திவிடுவது. மாச்சு பிச்சுவின் கற்சுவர்களோடு உரையை முடித்தால் இன்காக்களோடு எல்லாம் மறைந்துவிட்டதாகக் கேட்போர் கருதுவர். இன்காக்கள் பேசிய கெச்சுவா மொழியை இன்றும் பல இலட்சம் பேர் பேசுகின்றனர். பெரு 1975இல் அதனை ஆட்சிமொழியாக ஏற்றது. பொலிவியாவின் 2009ஆம் ஆண்டு அரசமைப்பு, ஸ்பானிய மொழியுடன் 36 பழங்குடி மொழிகளை ஏற்றுள்ளது. லா பாஸ் நகரில் 2014 முதல் கம்பிவட ஊர்திகளில் மக்கள் அன்றாடம் பணிக்குச் செல்கின்றனர்.

பெருவிலுள்ள பள்ளியொன்றில் ஒரு மாணவர் தமிழ்நாட்டைப் பற்றிப் பேசுவதாக எண்ணிப் பாருங்கள். ஒரு கோபுரத்தையும் ஒரு யானையையும் காட்டி அவர் அமர்ந்துவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? காட்டியவை பொய்யல்ல, ஆனால் நாம் அதில் இல்லை. அந்த மனக்குறையைப் பிறருக்கு நாம் தரலாகாது.

அவையில் நிற்கும்போது

உரையின் தொடக்கத்தில் ஓர் உருளைக்கிழங்கைக் கையில் ஏந்தி, ‘இது எங்கிருந்து வந்தது?’ எனக் கேளுங்கள். அவை உங்கள் பக்கம் திரும்பும். திரையில் சில சொற்களும் படங்களும் போதும். எழுதியதைப் படிப்பது உரையாகாது. ஊர்ப்பெயர்களை முன்னரே ஒலித்துப் பழகுக. வீட்டில் கடிகாரம் வைத்து இருமுறையேனும் பேசிப் பார்க்க. இறுதி இரண்டு நிமிடங்களை வினாக்களுக்கு ஒதுக்குக. விடை தெரியாத வினா எழுந்தால், ‘அறியேன், தேடிக் கூறுகிறேன்’ என்பதில் இழுக்கில்லை. அவ்வாறே மறுநாள் தேடிக் கூறுவது உங்கள் சொல்லுக்கு மதிப்பைச் சேர்க்கும்.

உரையை ஆயத்தம் செய்து முடித்தபின் உங்களையே ஒரு வினா கேட்டுக்கொள்ளுங்கள்: அல்டிபிளானோவைச் சேர்ந்த உங்கள் வயது மாணவி ஒருத்தி கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தால், இதே சொற்களை மாற்றாமல் பேசுவீர்களா? ‘ஆம்’ என விடை வருமாயின் உங்கள் உரை ஆயத்தமாகிவிட்டது.