படுக்கைகளை எண்ணினால் போதுமா?



வீடற்றோர் காப்பகங்களுக்குக் காணிக்கை அனுப்ப விரும்பும் சிலர், "அங்கே எத்தனை பேர் தங்குகிறார்கள்?" என்று எனக்கு எழுதிக் கேட்பதுண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது.

வார்டில் கண்டதைச் சொல்கிறேன். நடைபாதையில் வசித்த பெரியவர் ஒருவர் காலில் புண்ணோடு வந்து சேர்ந்தார். சர்க்கரை வியாதி. மூன்று வாரத்தில் புண் ஆறியது, டிஸ்சார்ஜ் ஆனார். போனது அதே நடைபாதைக்குத்தான். இரண்டு மாதத்தில் அதே காலோடு திரும்பி வந்தார். மறுபடியும் ஆற்றி அனுப்பினோம். ரிஜிஸ்தரைப் பார்த்தால் குணமடைந்தவர் இரண்டு பேர் என்று இருக்கும். ஆள் ஒருவர்தான்.

காப்பகக் கணக்கிலும் இப்படியே நடக்கிறது. ஒருவர் வருஷம் முழுவதும் தங்கினால் 365 இரவுகள் என்று அறிக்கையில் ஏறும். அவர் நிலை சற்றாவது மாறியதா என்பது ஏறாது. நம் தேசத்தில் ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் வலியுறுத்தியது. 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறைகள், ஒருவருக்கு 50 சதுர அடி இடம் வேண்டும் என்றன. கூரையே இல்லாதிருந்த ஊர்களுக்கு இவை அவசியமான இலக்குகள். ஆயினும் இவை அளப்பது கட்டடத்தை.

அமெரிக்காவில் 2009-ல் வந்த சட்டம் ஒன்று வேறுவிதமாக அளக்க முற்பட்டது. வீடிழந்தவர் 30 நாளுக்குள் நிலையான வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்பதை அது தேசத்தின் இலக்காக வைத்தது. எத்தனை நாள் வீடில்லாமல் இருந்தார்கள், எத்தனை பேர் முதன்முறையாக வீடிழந்தார்கள், வருமானம் கூடிற்றா என்றெல்லாம் உதவிப்பணம் பெறும் வட்டாரங்களிடம் கணக்குக் கேட்கப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு கணக்கு: நிலையான வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேர் 6, 12, 24 மாதங்களுக்குள் மறுபடியும் வீடற்றவர்களாக வந்து நின்றார்கள்? நம் பெரியவரைப் போன்றவர்கள் இந்தக் கணக்குக்குத் தப்பமாட்டார்கள்.

அங்கே நிறுவனம் நிறுவனமாக மாத்திரமல்ல, வட்டாரம் முழுவதையும் சேர்த்தே அளக்கிறார்கள். ஒரு காப்பகம் தன் ஆளை அடுத்த காப்பகத்துக்குத் தள்ளிவிட்டு, "அனுப்பி வைத்தோம்" என்று எழுதிக்கொண்டாலும், வட்டாரக் கணக்கில் அவர் இன்னும் வீடற்றவரே.

இலக்கு வைத்ததாலேயே வீடு கிடைத்துவிடாது. அந்த நாட்டில் 2024 ஜனவரியில் ஓர் இரவில் எடுத்த கணக்கில் 7,71,480 பேர் வீடற்றிருந்தார்கள். முந்திய வருஷத்தைவிட 18 சதவீதம் அதிகம். வாடகை ஏறும் ஊரில் காப்பகத்தாரை மட்டும் குற்றஞ்சொல்வது நியாயமல்ல.

என் பயமெல்லாம் வேறு. 10 பேரில் 8 பேரை வீடு சேர்க்கவேண்டும் என்று இலக்கு வைத்தால், அதை எட்டச் சுலபமான வழி லேசான ஆட்களை மட்டும் சேர்த்துக்கொள்வதே. மனநோயாளியையும் குடியை விடமுடியாதவரையும் சேர்த்துக்கொண்டு, 10-க்கு 3 பேரை நிலைப்படுத்திய காப்பகம் தாளில் தோற்றுப்போகும். உண்மையில் எது நல்ல காப்பகம்? ஆகவே காப்பகத்தாருக்கு எழுதும்போது, "எத்தனை பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்கள், என்ன காரணம்?" என்றும் கேளுங்கள். பக்கத்துக் காப்பகத்தோடு ஒப்பிடாமல், அவர்களுடைய சென்ற வருஷக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரும்பி வந்தவர்களின் கணக்கை மறைக்காமல் சொல்லுகிறவர்களைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பலாம்.

பிறருக்குச் சொல்லிவிட்டு நாங்கள் சும்மா இருக்க முடியவில்லை. வார்டு ரிஜிஸ்தரில் "எங்கே போகிறார்?" என்று புதிதாக ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறோம். பல வரிகளில் அது இன்னும் காலியாகவே இருக்கிறது.