ஒற்றை அறையில் ஓர் ஓவியர்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். இது அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. சுமார் 300 சதுர அடியில் ஒரே அறை. ஓரமாகச் சமையல் மேடை, ஒட்டிய குளியலறை, ஒரு ஜன்னல், யோகம் இருந்தால் ஒரு பால்கனி. இதற்குள் தூங்க வேண்டும், சமைக்க வேண்டும், விருந்தாளி வந்தால் உட்கார வைக்க வேண்டும், மிச்ச இடத்தில் படம் வரைய வேண்டும். சென்னைப் பெரியமேட்டில், 1850இல் தொடங்கிய ஓவியக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, ஊர் திரும்பாமல் இங்கேயே வாடகைக்கு அறை பிடிக்கும் இளைஞர்களில் பலருக்கு இதுதான் நிலவரம். “இந்த அறையை எப்படி அலங்கரிப்பது?” என்று அவர்கள் கேட்கிறார்கள்.

‘மிச்ச இடத்தில் படம்’ என்பதை முதலில் திருப்பிப் போட வேண்டும். காஞ்சிபுரத்தில் பழைய நெசவாளர் வீடு ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். தரையைத் தோண்டிக் கால்மிதியை இறக்கியிருப்பார்கள்; அதை நகர்த்த முடியாது. சாப்பாடு, படுக்கை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் தறியைச் சுற்றி நடக்கும். பாயைச் சுருட்டினால் அறை திரும்பக் கிடைத்துவிடும். தொழிலுக்கு நிலையான இடம், வாழ்க்கைக்குச் சுருட்டி மடக்கும் இடம் என்பதுதான் அங்கே ஏற்பாடு. ஓவியருக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது.

இடம் போதாது என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு ஒரு தகவல். சிற்பி ஜாக்கோமெட்டி 1926இல் பாரிஸ் மோன்பர்னாஸ் பகுதியில் ஒரு கூடத்துக்குக் குடிவந்தார். 1966இல் இறக்கும்வரை அதை விடவில்லை. அதன் பரப்பு 23 சதுர மீட்டர், நம் கணக்கில் 250 சதுர அடிக்கும் சற்றுக் குறைவு. புகழும் பணமும் வந்த பிறகும் அவர் அதிலேயேதான் வேலை செய்தார். சுவரெல்லாம் கோடும் கிறுக்கலும். அவர் மறைந்த பின் மனைவி அந்தச் சுவர்ப் பகுதிகளைப் பெயர்த்தெடுத்துக் காப்பாற்றினார். 2018இல் பாரிஸில் திறந்த ஜாக்கோமெட்டி நிறுவனத்தில் அந்தக் கூடத்தை மறுபடி அமைத்துவைத்திருக்கிறார்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? வெளிச்சத்திலிருந்துதான். ஈஸலை எங்கே நிறுத்துவது என்பதை ஜன்னல் முடிவு செய்யும். கட்டில், அலமாரி எல்லாம் அதற்கு அப்புறம்.

ஓவியப் புத்தகங்கள் வடக்குப் பார்த்த ஜன்னலைத்தான் உயர்த்திச் சொல்கின்றன. ஐரோப்பாவில் அது சரி. அங்கே சூரியன் எப்போதும் தென்பக்கமாகவே போவதால் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் அநேகமாக விழாது; நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் வரும். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் உச்சிவெயிலை ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு தடுத்துவிடும். ஆனால் காலையிலும் மாலையிலும் சாய்வாக வருகிற வெயில் வடக்கு ஜன்னல் வழியாகவும் உள்ளே நுழையும். ஆகையால் வடக்கு ஜன்னல் கிடைத்தால் நல்லதுதான். அது மட்டும் போதும் என்று இருந்துவிட முடியாது.

இதற்குச் செலவில்லாத பரிகாரம் உண்டு. பழைய வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றை மடிப்பாக ஜன்னலில் கட்டுங்கள். வெயிலின் கூர்மை போய், வெளிச்சம் மட்டும் பரவி வரும். கிழக்கோ மேற்கோ பார்த்த ஜன்னலாக இருந்தாலும் இதே வழிதான். வலக்கைக்காரராக இருந்தால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரும்படி ஈஸலைத் திருப்புங்கள், கையின் நிழல் படத்தில் விழாது. ஜன்னலுக்கு நேர் எதிரே நிறுத்தினால் எண்ணெய் வண்ணம் பளபளத்துக் கண்ணைக் கூசவைக்கும். சற்றே சாய்த்து வைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

இரவில் வரைகிறவர்களுக்கு பல்பு விஷயம் முக்கியம். எல்இடி பல்பு வாங்கும்போது வாட்ஸை மட்டும் பார்க்காமல் அட்டைப் பெட்டியில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று நிற வெப்பநிலை: 5000 கெல்வின் சுற்றுவட்டாரத்தில் இருந்தால் பகல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வரும். இன்னொன்று சிஆர்ஐ: வண்ணங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு. சாதாரண பல்புகளில் அது 80 அளவில் இருக்கும். ஓவியருக்கு 90க்கு மேல் வேண்டும். இல்லாவிட்டால் இரவு கலந்த சிவப்பு காலையில் வேறு சிவப்பாக நிற்கும். வேலை செய்யும் மூலைக்கு இந்த விளக்கு. படுக்கைப் பக்கம் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு ஒன்று தனி சுவிட்சில். ராத்திரி வெள்ளை விளக்கை அணைத்து மஞ்சளைப் போட்டதும் அதே அறை வீடாகிவிடும். தடுப்புச் சுவர் இல்லாமல் ஓர் அறையை இரண்டாக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது சுவர். ஈஸலைச் சுற்றியுள்ள சுவர் வெள்ளையாகவோ இளஞ்சாம்பலாகவோ, பளபளப்பில்லாத பூச்சாக இருக்கட்டும். பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் நின்று வரைந்தால் அந்தப் பச்சை படத்தின் மேல் எதிரொளிக்கும். நீங்கள் அறியாமலே அதைச் சரிக்கட்டச் சிவப்பைக் கூட்டுவீர்கள். அறையில் நிறம் வேண்டும் என்கிற ஆசை நியாயமானதுதான். அந்த நிறத்தைச் சுவரில் பூசாமல் துணியில் கொண்டுவாருங்கள். பவானி ஜமுக்காளம், கண்டாங்கிச் சேலையில் தைத்த திண்டு உறை, திரைச்சீலை எல்லாம் வேலை நேரத்தில் சுருட்டி வைக்கக்கூடியவை. வாடகை வீட்டில் சுவருக்கு வேறு நிறம் அடித்தால் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஓவியர் மோந்த்ரியான் 1921 முதல் 1936 வரை பாரிஸில் இருந்த கூடத்தில் சுவரை வெள்ளையாக விட்டு, சிவப்பும் மஞ்சளும் நீலமுமான அட்டைச் சதுரங்களைக் குத்தி வைத்திருந்தார். மனம் மாறும்போதெல்லாம் அவற்றின் இடத்தையும் மாற்றினார். அவருக்கு அது அலங்காரமாகவும் இருந்தது, அடுத்த படத்துக்கான ஒத்திகையாகவும் இருந்தது. நீங்களும் அப்படி மாற்றி மாற்றி மாட்டலாம். வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடவில்லை என்றால், ஒரு சுவரின் மேல் ஓரத்தில் ஒரே ஒரு மரச்சட்டத்தை மட்டும் அனுமதி கேட்டு அடித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நைலான் கயிற்றில் எத்தனை படத்தையும் தொங்கவிடலாம், மாற்றலாம்.

சுவரில் மாட்ட இன்னொரு பொருள் கண்ணாடி. மூன்றடி அகலப் படத்தைச் சரியாகப் பார்க்க ஆறிலிருந்து ஒன்பது அடியாவது பின்னால் போக வேண்டும். சின்ன அறையில் இரண்டு எட்டு வைத்தாலே கட்டில் முட்டும். ஈஸலுக்கு எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை நிறுத்திவிட்டு அதில் படத்தைப் பாருங்கள். தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இடவலம் மாறித் தெரிவதால், பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய கோணல்கள் சட்டென்று அகப்படும். அறையும் பெரிதாகத் தெரியும். சின்ன அறைக்குள் வருகிற எந்தப் பொருளும் இப்படி இரண்டு வேலையாவது செய்ய வேண்டும்.

இப்போது கொஞ்சம் கவலையான பகுதி. ஒரே அறையில் அடுப்பும் டர்பன்டைனும் சேர்ந்து இருக்கக் கூடாது. ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே டர்பன்டைன் ஆவி பொறி பட்டால் தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். சென்னையின் மே மாதம் அதைத் தாண்டிப் போகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து போகும். சமையல் மேடையின் அடுப்பு, தரையில் ஏற்றிவைத்த சாமி விளக்கு, கொசுவர்த்திச் சுருள் எல்லாமே அதற்குப் பொறிதான். மேலும், மூடிய அறையில் அந்த நெடியிலேயே படுத்துத் தூங்குவது உடம்புக்கு ஆகாது. பால்கனி இல்லாத ஒற்றை அறை என்றால் அக்ரிலிக்கோ நீர்வண்ணமோ வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். எண்ணெய் வண்ணத்தை விட மனமில்லாதவர்கள் டர்பன்டைன் இல்லாமல் ஆளி விதை எண்ணெயிலேயே வண்ணத்தைத் தளர்த்தலாம். பிரஷைத் துணியில் துடைத்துவிட்டு, பிறகு சோப்பால் கழுவலாம்.

அந்தத் துடைத்த துணியில்தான் இன்னோர் ஆபத்து. ஆளி விதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது சூடு பிறக்கும். எண்ணெய்த் துணிகளைக் கசக்கிக் குவியலாகப் போட்டால், அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளலாம். மூடி போட்ட தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் துணியைப் போடுங்கள். அல்லது வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.

அக்ரிலிக் கழுவிய தண்ணீரை அப்படியே சிங்க்கில் ஊற்றினால் நாளடைவில் குழாய் அடைத்துக்கொள்ளும். பக்கெட்டில் ஓர் இரவு தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். சில வண்ணங்களில் காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் உண்டு. ஆகவே டீ குடிக்கிற டம்ளரும் பிரஷ் அலசுகிற டம்ளரும் தோற்றத்திலேயே வேறாக இருக்கட்டும். ஒன்று எவர்சில்வர், மற்றது கண்ணாடி பாட்டில் என்று வைத்துக்கொண்டால் தூக்கக் கலக்கத்திலும் தவறாது.

தரைக்குக் கவலையே வேண்டாம். பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைத் திருப்பிப் போட்டால் போதும். தண்ணீர் இறங்காது, வண்ணம் சிந்தினால் துடைக்கலாம், விருந்தாளி வந்தால் சுருட்டி மூலையில் நிறுத்தலாம்.

படங்களை அடுக்குவது அடுத்த சிக்கல். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வண்ணம் ஒட்டும், துணி தொய்யும். இரும்பு ஆங்கிள் ரேக்கில் குறுக்குப் பலகைகளை எடுத்துவிட்டு, செங்குத்துத் தடுப்புகள் வைத்துப் படங்களை நிற்கவையுங்கள். அந்த ரேக்கையே நாலடி உயரத்தில் படுக்கைக்கும் வேலை மூலைக்கும் நடுவே நிறுத்தினால் அதுவே தடுப்பாகும். காற்றும் வெளிச்சமும் மறிக்கப்படாது. சென்னையில் வெளிச்சுவர் மழைக்காலத்தில் ஈரம் கோக்கும். காகித ஓவியங்களை அந்தச் சுவரில் சாய்க்காமல், கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்துப் பீரோவில் போட்டுச் சிலிக்கா ஜெல் பொட்டலம் சேர்த்துவையுங்கள். பூஞ்சைப் புள்ளியும் வெள்ளிப்பூச்சியும் காகிதத்துக்கு நிரந்தர எதிரிகள். இன்னொன்று: பெரிய சட்டம் அடிப்பதற்கு முன் வாசலையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள். அறைக்குள் பிறந்த படம் வெளியே போகவும் வேண்டுமே.

அலங்காரம் பற்றிக் கேட்டீர்கள், நான் இன்னும் அலங்காரத்துக்கென்றே ஒரு பொருளைக்கூடச் சொல்லவில்லை. இத்தாலிய ஓவியர் மொராந்தி, பொலோன்யா நகரில் தாயுடனும் மூன்று சகோதரிகளுடனும் வாழ்ந்த வீட்டில், தன் படுக்கையறையிலேயே வரைந்தார். ஒற்றைக் கட்டில், ஈஸல், சுற்றிலும் பாட்டில்கள், ஜாடிகள், டப்பாக்கள். அறையின் அலங்காரமும் அவைதான், அவர் படங்களின் பொருளும் அவைதான். உங்களிடமும் அப்படிப்பட்டவை இருக்கும். பாட்டி வீட்டுப் பித்தளைச் செம்பு, உடைந்த சீனா ஜாடி, கடற்கரையில் பொறுக்கிய சங்கு. கண்ணுக்கு நேரே ஒரே ஒரு பலகை அடித்து அவற்றை வையுங்கள். பிரஷ்களைக் காலி ஊறுகாய் ஜாடியில் நிறுத்துங்கள். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் செடி செய்யாததை இவை செய்யும். வருகிறவருக்கு இது யார் அறை என்று சொல்லும்.

வாழும் இடத்தையே வேலையிடமாக்க வேறு வழியும் ஒரு காலத்தில் இருந்தது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் கலைஞர்கள் பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களை விற்ற வருமானத்தில் நிலம் வாங்கி, வீடும் பட்டறையும் ஒன்றாக அமைத்துக்கொண்டார்கள். இன்றைய சென்னையில் அந்த வழி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஒற்றை அறையை ஒழுங்காகப் பிடித்துக்கொள்வது எல்லோராலும் முடியும்.

ஆகவே, புது அறைக்குப் போனதும் முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். பாய், அடுப்பு, ஈஸல் போதும். காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நாலு மணிக்கு வெயில் தரையில் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் குறித்து வாருங்கள். ஈஸல் நிற்க வேண்டிய இடம் தெரிந்த பிறகு மீதி எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்குங்கள். பட்ஜெட்டில் முதல் செலவு நல்ல விளக்குக்கு; கட்டிலுக்கு அல்ல.