கிற்றாருக்கு ஒரு ரியூனர்: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கைக்கு அடக்கமான இலத்திரனியல் ரியூனர் 1975இல் வந்தது. ஜப்பானின் கோர்க் நிறுவனம் வெளியிட்ட டபிள்யூரி-10 என்ற அந்தக் கருவியில் ஒரு முள் இருந்தது. தந்தியை மீட்டும்போது முள் நடுவில் நின்றால் சுருதி சரி. 1998இல் பொஸ் நிறுவனம் காலால் மிதித்து இயக்கும் ரியூ-2 பெடலைக் கொண்டுவந்தது. இன்று கிற்றாரின் தலையில் கவ்விக்கொள்ளும் சிறிய கிளிப் ரியூனர்களைத் தான் எங்கும் காண்கிறோம்.

உலகம் முழுவதும் இந்தக் கருவி சிறிதாகியும் மலிந்தும் வந்த அதே ஆண்டுகளில், வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. அப்போது கிற்றார் வாசித்தவர்கள் ஹார்மோனியத்தின் ஒரு கட்டையையோ தேவாலயத்து ஓர்கனையோ கேட்டுத் தந்தியை முறுக்கினார்கள். அதனால் எங்கள் ஊர்களில் ‘ரியூனர் எதுக்கு, காது இருக்குதானே’ என்று சொல்லும் மூத்த வாத்தியக்காரர்களை இன்றும் சந்திக்கலாம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் எல்லோருடைய காதும் யுத்தத்திலிருந்து முழுதாக மீண்டு வரவில்லை.

வன்னியில் ஒரு சமூக மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடக்கும் இசை வகுப்பைப் பற்றி எழுதச் சென்றபோதுதான் இந்த விடயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. அங்கே நான்கு கிற்றார், ஒரு பேஸ் கிற்றார், ஒரு பழைய ஹார்மோனியம் இருந்தன. ஷெல் வெடிப்பில் ஒரு காது முற்றாகவும் மற்றது பாதியும் கேளாமல் போன ஓர் ஐயாவும், பார்வையிழந்த ஓர் அக்காவும் அங்கே கற்கிறார்கள். சேர்ந்திருந்த சிறு பணத்தில் ஒரு ரியூனர் வாங்க வேண்டும். “தங்கச்சி, போனிலயே பாக்கலாம்தானே, ஏன் காசைச் செலவழிக்க வேணும்?” என்று மாஸ்ரர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலே இக்கட்டுரை.

ரியூனர் எதை அளக்கிறது?

தந்தி ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதை ரியூனர் அளக்கிறது. இதன் அலகு ஹேர்ட்ஸ். வழமையான சுருதியில் கிற்றாரின் தடித்த ஈ தந்தி 82.4, அடுத்த ஏ 110, டி 146.8, ஜி 196, பி 246.9, மெல்லிய ஈ 329.6 தடவைகள் அதிர வேண்டும். பேஸ் கிற்றாரின் நான்கு தந்திகளும் இவற்றில் முதல் நான்கைவிடச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே நிற்கும்: 41.2, 55, 73.4, 98.

திரையில் முள்ளோடு வரும் எண் ‘சென்ட்’ எனப்படும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சுரங்களுக்கு, அதாவது கிற்றாரில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையிலான தூரத்தை 100 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். பெரும்பாலான காதுகளுக்கு ஐந்து, ஆறு சென்டுக்குக் குறைந்த வித்தியாசம் தெரிவது கடினம். சாதாரண கிளிப் ரியூனர்களின் பெட்டியில் ஒரு சென்ட் அளவு துல்லியம் என்று எழுதியிருப்பார்கள். கற்பவருக்கும் மேடையில் வாசிப்பவருக்கும் அது தாராளம். பத்தில் ஒரு சென்ட் வரை காட்டும் ‘ஸ்ட்ரோப்’ வகைகள் வாத்தியம் திருத்துபவர்களுக்குப் பயன்படும். அதற்காக நீங்கள் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

போனா, கிளிப்பா, பெடலா?

கைத்தொலைபேசிச் செயலிகள் மைக் வழியாகக் கேட்கின்றன. வீட்டில் தனியே, அமைதியான அறையில் வாசிப்பவருக்கு இலவசச் செயலியே போதும். ஆனால் ஒரே மண்டபத்தில் நான்கு பேர் ஒன்றாகச் சுருதி சேர்க்கும்போது எந்தத் தந்தியின் ஒலியைப் பிடிப்பது என்று செயலி தடுமாறும். மின்விசிறி, மழை, வீதி வாகனம் எல்லாமே குறுக்கே வரும். இன்னொன்றும் உண்டு. பல வீடுகளில் போன் ஒருவருக்கு மட்டும் சொந்தமானது அல்ல. தாயோடு வேலைக்குப் போகும் போனை நம்பிப் பிள்ளை பயிற்சி செய்ய முடியாது.

கிளிப் ரியூனர் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. அதன் கவ்விக்குள் அதிர்வை மின் சைகையாக மாற்றும் சிறு தகடு இருக்கிறது. கிற்றாரின் தலைப்பகுதியில் கவ்வியதும் மரத்தின் அதிர்வை அது நேரடியாக உணரும். பக்கத்தில் ட்ரம்ஸ் அடித்தாலும் உங்கள் தந்தியை மட்டும் காட்டும். வகுப்புக்கும் கூட்டாக வாசிப்பவர்களுக்கும் இதுவே பொருத்தம்.

பெடல் வகைக்கு வாத்தியத்திலிருந்து வயர் வர வேண்டும். எனவே மின்சார கிற்றார், பேஸ் கிற்றார், அல்லது பிக்கப் பொருத்திய மரக் கிற்றாருக்கே அது உதவும். இருளிலும் வெளிச்சமாகத் தெரியும். மிதித்ததும் ஒலி நிற்பதால் சபைக்குக் கேட்காமல் சுருதி பார்க்கலாம். விலை அதிகம். அநேகமாக 9 வோல்ட் மின்சாரம் வேண்டும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின் வெட்டப்பட்டதை நாம் மறக்கவில்லை. அடிக்கடி மேடையேறாதவர் பெடலைப் பின்னர் யோசிக்கலாம்.

பேஸ் கிற்றாரின் சிக்கல்

பேஸின் 41 ஹேர்ட்ஸ் அதிர்வை கைத்தொலைபேசியின் சிறிய மைக் சரியாகப் பிடிப்பதில்லை. மலிவான சில கிளிப்புகளும் முள்ளை அங்குமிங்கும் ஆட்டிக்கொண்டிருக்கும். பேஸுக்கும் சேர்த்து வாங்குவதென்றால், பேஸிலும் இயங்கும் என்று பெட்டியில் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து தந்தி பேஸ் என்றால் இன்னும் கீழே, 30.9 ஹேர்ட்ஸ் வரை அது இறங்க வேண்டும்.

கையில் உள்ள ரியூனர் தடுமாறினால் ஒரு வழி இருக்கிறது. பன்னிரண்டாவது கட்டத்தின் உலோகக் கம்பிக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் விரலால் மெதுவாகத் தொட்டு மீட்டி, உடனே விரலை எடுங்கள். மணி போல ஓர் ஒலி வரும். அது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி, அதாவது 82.4 ஹேர்ட்ஸ். அதை எந்த ரியூனரும் இலகுவாகப் பிடிக்கும்.

ஹார்மோனியத்தோடு சேர வேண்டுமானால்

ஏ என்ற சுரம் 440 ஹேர்ட்ஸ் என்பது இன்று உலகம் ஒத்துக்கொண்ட அளவு. 1939இல் லண்டனில் நடந்த மாநாட்டில் எட்டப்பட்ட இணக்கம் அது. எங்கள் கோயில் பஜனை ஹார்மோனியங்களும் பழைய ஓர்கன்களும் அந்த இணக்கத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. உலோக நாக்குகளைச் சுரண்டித்தான் ஹார்மோனியத்தின் சுருதியை மாற்றலாம். ஆகவே கிற்றார்தான் அதனிடம் போக வேண்டும்.

இதற்கு இரண்டு வசதிகள் தேவை. முதலாவது, மைக்கிலும் கேட்கக்கூடிய ரியூனர். ஹார்மோனியத்தில் ஆறு கட்டை எனப்படும் ஏ சுரத்தை அழுத்திப் பாருங்கள். ரியூனர் 20 சென்ட் கூடவென்று காட்டினால் அந்த ஹார்மோனியம் ஏறத்தாழ 445இல் நிற்கிறது. இரண்டாவது, 440 என்ற அடிப்படை அளவை மாற்றும் வசதி. 430 முதல் 450 வரை மாற்றக்கூடியது நல்லது. அதை 445இல் வைத்துக் கிற்றார்களைச் சேர்த்தால் எல்லாம் ஒன்றாக ஒலிக்கும்.

இதே பொத்தான் ஆபத்தும் ஆகலாம். பையில் கிடக்கும்போது தவறுதலாக அழுத்துப்பட்டு 436க்குப் போயிருக்கும். முள் நடுவில் நிற்கும். ஆனால் மற்றவர்களோடு சேராது. சுருதி பார்க்கத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணை ஒருமுறை பாருங்கள்.

‘குரோமற்றிக்’ என்று எழுதியுள்ள ரியூனரையே வாங்குங்கள். அது பன்னிரண்டு சுரங்களையும் காட்டும். கிற்றாருக்கு மட்டுமான வகை ஆறு தந்திகளின் பெயரையே தேடும். பாடகரின் சுருதிக்கு ஏற்ப ச-ப-ச-ப என்று சேர்க்கும் கர்நாடக வயலினுக்கு அது உதவாது.

காதும் கண்ணும்

அந்த ஐயாவுக்குக் கிளிப் ரியூனர் வெறும் வசதி அல்ல. மற்றவர்களின் உதவியில்லாமல் தன் கிற்றாரைத் தானே சேர்க்க அவருக்குள்ள வழி அதுதான். மரத்தின் அதிர்வைக் கருவி உணர்கிறது, அவர் கண்ணால் பார்க்கிறார். இத்தகையவர்களுக்காக வாங்கும்போது துல்லிய எண்ணைவிடத் திரையைப் பாருங்கள். எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும். குறைவு, சரி, கூட என்பவை வெவ்வேறு நிறத்தில் தெரிய வேண்டும். வெயிலில் பிடித்தாலும் மங்கக்கூடாது.

பார்வையிழந்த அந்த அக்காவுக்கு இந்தத் திரையால் பயனில்லை. அவருக்கு 440 ஹேர்ட்ஸ் இசைக்கவை ஒன்று போதும். அதற்குப் பற்றரியே வேண்டாம். அதை முழங்காலில் தட்டி, அடிப்பகுதியைக் கிற்றாரின் உடலில் ஊன்றினால் ஒலி பெரிதாகும். ஏ தந்தியின் ஐந்தாவது கட்டக் கம்பிக்கு மேல் விரலால் தொட்டு மீட்டும் மணியொலியும் அதே 440தான். இரண்டும் சற்று விலகியிருந்தால் ‘வவ்... வவ்...’ என்று ஒரு துடிப்பு கேட்கும். 440க்கும் 442க்கும் இடையில் செக்கனுக்கு இரண்டு துடிப்பு. தந்தி நெருங்க நெருங்கத் துடிப்பு மெதுவாகி நின்றுவிடும். அதன் பின் மற்றத் தந்திகளை அந்த ஏ தந்தியிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம். சுரத்தை ஒலித்துக் காட்டும் ரியூனர்களும் கிடைக்கின்றன. அவற்றையும் இதே முறையில் பயன்படுத்தலாம்.

பற்றரியில் கவனம்

அநேக கிளிப் ரியூனர்களில் சிஆர்2032 எனப்படும் நாணயம் போன்ற 3 வோல்ட் பற்றரி இருக்கும். யுஎஸ்பி வயரால் மின்னேற்றும் வகைகளும் உண்டு. நகரிலிருந்து தூரத்தில் இருப்பவர்கள், பக்கத்துக் கடையில் எந்தப் பற்றரி கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது. சில நிமிடங்களில் தானாக அணையும் வசதி இருந்தால் பற்றரி நீண்ட நாள் வரும்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த நாணயப் பற்றரி ஆபத்தானது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாக எரித்துவிடும். அப்படி நடந்ததாகச் சந்தேகம் வந்தாலே உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பற்றரி மூடி ஆணியால் இறுக்கப்பட்ட ரியூனரைத் தேர்ந்தெடுங்கள். பழைய பற்றரியையும் கண்ட இடத்தில் போடாதீர்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

முடிந்தால் கிற்றாரையும் கொண்டுசெல்லுங்கள். கிளிப்பைக் கவ்வி, தடித்த தந்தியை மெதுவாக ஒருமுறை மீட்டுங்கள். எழுத்து உடனே வந்து நிலைத்து நிற்க வேண்டும். ஈக்கும் பிக்கும் இடையில் தாவினால் வேண்டாம். கவ்வியை நாலைந்து தடவை திறந்து மூடிப் பாருங்கள். மலிவான ரியூனர்களில் முதலில் உடைவது அதுதான். திரையை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள், இடக்கைப் பழக்கமுள்ளவரும் பயன்படுத்த வேண்டுமல்லவா.

வாங்கிய பின் சேர்க்கும் முறையும் முக்கியம். தந்தி கூடியிருந்தால் நேரே இறக்கி நிறுத்தாதீர்கள். தேவையானதைவிடச் சற்றுக் கீழே இறக்கி, பிறகு மேலே முறுக்கிக் கொண்டுவாருங்கள். அப்போது திருகாணியில் தளர்வு மிஞ்சாது, சுருதி நிற்கும். புதுத் தந்தி முதல் சில நாட்கள் இழுபடும். அது ரியூனரின் பிழை அல்ல.

மாஸ்ரருக்கு நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் இரண்டே பொருட்கள்தான் இருந்தன. பேஸிலும் இயங்கும், மைக்கும் 440ஐ மாற்றும் வசதியும் கொண்ட குரோமற்றிக் கிளிப் ரியூனர் ஒன்று. இசைக்கவை ஒன்று. ஐந்து வாத்தியங்களுக்கும் ஒரே கிளிப் கைமாறிக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் போதும். வீட்டில் தனியே பயில்பவர்களுக்குப் போனே போதும் என்றும் கீழே எழுதினேன்.